குங்கிலியம் மணத்த பிறேக்

உங்கள் மலர்க்குழுச் செயலாளர் போன வாரம் என் வீட்டுக்கு வந்தார். புதிதாகச் சேர்ந்த வாகனப் பரிசோதகர்களுக்கு உபயோகமாக ஏதாவது எழுதித் தாருங்கள் என்றார். தலைப்பையும் தாமே கொண்டுவந்திருந்தார்: "வருடாந்தப் பரிசோதனைக்கு முன் வாகனத்தைக் கராஜில் ஒருமுறை காட்டுவது பயனுள்ளதா?" நான் கதிரையைக் காட்டினேன். அவர் அதில் உட்காருமுன் பதிலையும் சொல்லிவிட்டார். பயனுள்ளதுதானாம். உரிமையாளர்களுக்கு அப்படியே துண்டுப்பிரசுரம் அடிக்கப் போகிறீர்களாம். பதில் தயாராக இருக்கிற கேள்விக்கு என்னை ஏன் தேடி வந்தார் என்று விளங்கவில்லை. மலரில் நாலைந்து பக்கம் வெறுமையாகக் கிடந்திருக்க வேண்டும்.

நல்லது. பக்கத்தை நிரப்பித் தருகிறேன். ஆனால் துண்டுப்பிரசுரத்தை அச்சுக்குக் கொடுக்குமுன் இதை ஒருமுறை வாசியுங்கள். வாசிக்க மாட்டீர்கள். நான் வேலையில் இருந்தபோது எனக்கு வந்த சுற்றறிக்கைகளை நானும் வாசித்ததில்லை.

பஸ்களெல்லாம் அரசாங்கத்தின் கைக்குப் போகுமுன் நடந்த கதை இது. என்னுடைய வட்டாரம் வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி. சின்னச் சின்னக் கம்பனிகள், ஒற்றை பஸ் முதலாளிகள், குடியேற்றத் திட்டங்களுக்கு ஆளும் சாமானும் ஏற்றி, திரும்பும்போது நெல் ஏற்றும் லொறிகள், இவைதான் என் குடிமக்கள். மாதம் ஒருமுறை மாங்குளத்தில் ஒரு வெளியில் முகாம் போடுவேன். அங்கே ஒரு பாலைமரம் உண்டு. மேசையும் நானும் அதன் நிழலில் இருப்போம். வாகனங்கள் வெயிலில் வரிசையாக நிற்கும்.

அந்த வரிசையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கராஜில் காட்டப்பட்டு வந்த வாகனத்தைத் தூரத்திலேயே அடையாளம் காணலாம். புதுப் பெயின்ற், றேடியேற்றரில் சந்தனப் பொட்டு, மூக்கில் மாலை, சக்கரத்துக்கு முன்னால் தேசிக்காய். கோண் அடித்தால் நாதஸ்வரம் தோற்கும். தகுதி பார்க்கக் கொண்டுவந்தார்களா, எனக்குக் கட்டிக் கொடுக்கக் கொண்டுவந்தார்களா என்று யோசிக்க வேண்டியிருக்கும். ஒருநாள் காலையில் ஒரே ரயரை மூன்று லொறிகளில் கண்டேன். அதன் பக்கவாட்டில் இருந்த ஒட்டுப்போட்ட தழும்பை வைத்து அடையாளம் பிடித்தேன். ஒரு லொறி தேறி வெளியே போனதும் ரயரைக் கழற்றி அடுத்ததில் பூட்டியிருக்கிறார்கள். ஒரே முற்பகலில் அவ்வளவு சேவை செய்த வேறு எவரையும் அரசாங்க உத்தியோகத்தில் நான் கண்டதில்லை. அந்த ரயருக்கு ஓய்வூதியம் கிடையாது என்பதுதான் கவலை.

இவை சிரித்துவிட்டுப் போகிற விஷயங்கள். சிரிக்க முடியாத ஒன்றைச் சொல்கிறேன்.

பூமணியம்மாவுக்கு ஒரு பஸ் இருந்தது. ஒட்டுசுட்டானிலிருந்து முல்லைத்தீவுக்கு ஓடியது. கணவர் இறந்த பிறகு அவரே நடத்தினார். பொம்பிளை பஸ் நடத்துகிறாளாம் என்று ஊரில் வாய் வலிக்கக் கதைத்தார்கள். கதைத்துவிட்டு அதே பஸ்ஸில்தான் ஏறிப் போனார்கள். அந்த வழியில் ஓடும் உரிமையைத் தனக்குத் தர வேண்டுமென்று, இரண்டு பஸ் வைத்திருந்த ஒருவர் அப்போது விண்ணப்பம் போட்டிருந்தார். பஸ் ஓடாத நாளுக்காக அவர் காத்திருந்தார். பூமணியம்மாவின் தகுதிச் சான்றிதழ் அந்தச் சனிக்கிழமையோடு முடிகிறது. அது இல்லாமல் பஸ் தெருவில் இறங்கக் கூடாது. அடுத்த திங்கட்கிழமை வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல். வன்னியில் பாதிச் சனம் அன்று அந்தத் தெருவில்தான் போகும். அன்றைக்கு பஸ் ஓடாவிட்டால், சனத்தை நடுத்தெருவில் விட்டார் என்று அந்த விண்ணப்பக்காரர் ஒரு வரி எழுதினால் போதும், வழியும் போய்விடும், பிழைப்பும் போய்விடும்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்துதான் புதன்கிழமை அந்த பஸ் என் முன்னால் வந்து நின்றது.

வந்தவர்கள் மூன்று பேர். பூமணியம்மா வெள்ளைச் சேலையில், குடை இல்லாமல், வெயிலைப் பொருட்படுத்தாமல் நின்றார். சாரதி காசிம் நானா முல்லைத்தீவு ஆள். பேச்சுக் குறைவு. அவர் கோண் அடிப்பதுகூட அபூர்வம். மூன்றாவது ஆள் கராஜ்காரர் சூசை. அந்தப் பக்கத்தில் திருத்துவேலைக்காரரை பாஸ் என்று அழைப்பது வழக்கம். அவர் சூசை பாஸ். தான் பார்த்த வாகனம் பரிசோதனைக்கு வரும்போது, மாப்பிள்ளைத் தோழன் மாதிரிக் கூடவே வருவார்.

செய்த வேலைகளை ஒரு துண்டில் எழுதித் தந்தார். பதினேழு வேலைகள். நான் எதையும் எண்ணிப் பார்க்கிற ஆள். அது என் வீட்டாருக்கும் பிடிக்காத குணம். எண்ணினேன். பதினொன்று என் கண்ணுக்காகச் செய்தவை. ஆறு என் காதுக்காகச் செய்தவை. பஸ்ஸுக்காகச் செய்தது எது என்று தேடினேன். துண்டைத் திருப்பியும் பார்த்தேன்.

பிறேக் பரிசோதனைக்கு அந்த நாளில் கருவிகள் இல்லை. பஸ்ஸை வெளியின் மறுகரையிலிருந்து வேகமாக ஓட்டிவரச் சொல்வோம். நான் முகம் துடைக்கிற கைலேஞ்சியை வீழ்த்தியதும் சாரதி பிறேக்கை மிதிக்க வேண்டும். எங்கே நிற்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்வோம். ஒருமுறை. நானும் என்னோடு இருந்தவர்களும் எல்லாரும் ஒருமுறைதான் பார்த்தோம். வரிசையில் இன்னும் பத்து வாகனம் நிற்கும்போது எவனும் இரண்டாம் முறை பார்க்க மாட்டான்.

காசிம் நானா ஓட்டிவந்தார். கைலேஞ்சி விழுந்தது. பஸ் ஆணி அடித்ததுபோல நின்றது. அவ்வளவு அழகாக நின்ற பஸ்ஸை நான் அந்த மாதம் காணவில்லை. பேனாவை எடுத்தேன்.

அப்போதுதான் மணம் வந்தது. குங்கிலியம். கோயிலில் தூபம் காட்டும்போது வருமே, அதே மணம். ஒரு கணம் கை தானாகக் கூப்பிக்கொள்ளப் பார்த்தது. பக்கத்தில் கோயில் எதுவும் இல்லை. மணம் முன் சக்கரத்திலிருந்து வந்துகொண்டிருந்தது.

"சூசை பாஸ், ஆர் இப்ப குங்கிலியம் போட்டது?"

"அக்கா தான் ஐயா. வெள்ளிக்கிழமையிலை பஸ்ஸுக்குத் தூபம் காட்டாமல் வெளிக்கிட மாட்டா. அவ்வளவு பக்தி."

பூமணியம்மா அவரைத் திரும்பிப் பார்த்தார். "இண்டைக்குப் புதன்கிழமை. என்ரை பக்தி வெள்ளி விடிய வந்து மத்தியானத்தோடை போயிடும். புதன்கிழமை வரைக்கும் நிக்காது."

சூசை பாஸ் பாலைமரத்தின் உச்சியைப் பார்க்கத் தொடங்கினார்.

நான் காசிம் நானாவை இன்னொருமுறை ஓட்டிவரச் சொன்னேன். அவர் மறுபேச்சில்லாமல் திருப்பினார். இந்தமுறை பஸ் என்னைத் தாண்டி நின்றது. இன்னொருமுறை என்றேன். மூன்றாம் முறை பஸ் என்னையும் என் மேசையையும் பாலைமரத்தையும் கடந்துபோய், வெளியின் ஓரத்தில் மேய்ந்துகொண்டிருந்த ஆட்டுக்குக் கிட்டத்தான் நின்றது. ஆடு முன்கூட்டியே முடிவெடுத்து விலகியிருந்தது. அதற்கு எந்தக் கராஜின் துண்டும் தேவைப்படவில்லை.

விஷயம் இதுதான். சக்கரத்தை உள்ளிருந்து கவ்விப் பிடிக்கிற பட்டைக்கு லைனிங் என்று பெயர். அது தேய்ந்தால் பிடி இராது. தேய்ந்த லைனிங்கில் குங்கிலியத் தூளைத் தூவினால், முதல் சூட்டில் பிசின்போல ஒட்டிப் பிடிக்கும். அடுத்த சூட்டில் உருகிக் கண்ணாடிமாதிரி வழுக்கும். பிறகு அந்த பஸ்ஸை நிறுத்த அம்மன்தான் வர வேண்டும்.

"சூசை பாஸ், உண்மையைச் சொல்லும்."

"நான் ஒண்டும் ஒளிக்கேல்லை ஐயா. லைனிங் தேஞ்சு ஆணி தெரியுது. புதுசு எடுக்க வவுனியாவுக்குப் போகவேணும். அக்கா வந்து என்ன சொன்னவா? 'பரிசோதகர் என்னென்ன பாப்பாரோ அவ்வளவும் செய்து தா' எண்டவா. நீங்கள் ஒருக்கா நிப்பாட்டிப் பாப்பியள். ஒருக்கா நிக்கிறமாதிரிச் செய்து குடுத்தனான்."

"ரெண்டாந்தரம்?"

"ரெண்டாந்தரம் நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லையே ஐயா."

அவருடைய குரலில் மனத்தாங்கல் இருந்தது. இருவருக்கும் இடையில் இருந்த ஒப்பந்தத்தை நான்தான் மீறிவிட்டேன் என்பதுபோலப் பார்த்தார்.

குனிந்து வண்டியின் அடிப்பாகத்தைப் பார்த்தேன். வலப்பக்கம் முழுவதும் துடைத்து எண்ணெய் பூசிப் பளபளவென்று இருந்தது. இடப்பக்கம் மழைக்காலத்துச் சேறு அப்படியே காய்ந்து கிடந்தது. காரணம் கேட்டேன். காலையில் பாலைமரத்து நிழல் வாகனத்தின் வலப்பக்கம்தான் விழுமாம். நான் நிழல் உள்ள பக்கம் மட்டும்தான் படுத்துப் பார்ப்பேனாம். எனக்கே தெரியாத பழக்கம் அது. அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. சூசை பாஸ் தன் கராஜில் பஸ்ஸைப் பரிசோதிக்கவே இல்லை. இவ்வளவு காலமும் அவர் என்னைப் பரிசோதித்து வைத்திருந்தார். அதை மிகத் திறமாகவும் செய்திருந்தார்.

இனி நான் செய்ய வேண்டியது புத்தகத்தில் இருந்தது. தகுதி இல்லை என்று எழுதி அனுப்புவது. அடுத்த முகாமுக்கு வரச் சொல்வது. எழுதத் தொடங்கினேன்.

"எழுதுங்கோ ஐயா," என்றார் பூமணியம்மா. "நீங்கள் இல்லை எண்டால் இல்லைத்தான். பிறேக் இல்லாத வண்டியிலை நான் சனத்தை ஏத்தமாட்டன். ஆனால் ஒண்டு கேக்கிறன். திங்கக்கிழமை சனம் பொங்கலுக்குப் போகாமல் வீட்டிலை இருக்குமோ?"

"வேறை வழியிலை போவினம்."

"ஓம். நெல்லு லொறியிலை போவினம். பிள்ளையளையும் தூக்கிக்கொண்டு, பானையையும் வைச்சுக்கொண்டு, தொங்கிக்கொண்டு போவினம். விடிய ஒரு நீல லொறிக்குக் கையெழுத்து வைச்சு அனுப்பினீங்களே, அதிலைதான். அதின்ரை பிறேக்கை எத்தினை தரம் பாத்தனீங்கள்?"

அதுவரை வாயே திறக்காத காசிம் நானா மெல்லச் சொன்னார்: "அதுக்கும் சூசை பாஸ்தான் பாத்தவர்."

அந்த நீல லொறியைத் திருப்பிக் கூப்பிட ஆள் அனுப்பினேன். கண்டாவளைக்கு நெல் ஏற்றப் போய்விட்டது என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு பல மாதம் அது என் கண்ணில் படவே இல்லை. பரிசோதகரின் கண்ணில் படாமல் ஓடும் வித்தையும் பதினெட்டாவது வேலையாகத் துண்டில் சேர்க்கப்பட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

தம்பிமாரே, வாகனத்தைத் தள்ளுவதற்கு மூளை வேண்டாம். கை இருந்தால் போதும். தேறிவிட்டது என்று எழுதவும் அதே கை போதும். இரண்டுக்கும் நடுவில் நின்று யோசிக்க வேண்டிய நேரம் வரும்போது உங்களுக்குப் பசிக்கும், வெயில் அடிக்கும், வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள், ஆடு ஒன்று உங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கும். புத்தகத்தில் இந்த ஆட்டைப் பற்றி ஒரு வரியும் இராது.

நான் எழுதியதை வெட்டினேன். பூமணியம்மாவிடம் சொன்னேன்: "சனிக்கிழமை வரைக்கும் நான் இங்கை நிக்கிறன். புது லைனிங் போடுங்கோ. இந்த வெளியிலை பாக்கமாட்டன். உங்கடை தெருவிலை இருக்கிற குளக்கட்டிலை பாக்கிறன். பஸ் நிறையப் பாரம் ஏத்திக்கொண்டு வாங்கோ. சூசை பாஸும் உள்ளை இருக்கவேணும்."

சூசை பாஸ் மரத்திலிருந்து கண்ணை எடுத்தார். "நான் என்னத்துக்கு ஐயா? எனக்கு பஸ்ஸிலை போனால் வயித்தைப் பிரட்டிச் சத்தி வரும்."

"பஸ் திருத்திறவருக்கு பஸ்ஸிலை சத்தியோ?" என்றார் பூமணியம்மா. "அப்ப ஒரு சட்டியையும் கொண்டு வாரும்."

மாங்குளம் ஓய்வு விடுதியில் தங்க எனக்கு விருப்பமில்லை. நுளம்பு வலையில் பதினான்கு ஓட்டைகள். அதில் இரண்டால் நானே உள்ளே போய் வரலாம். ஆனாலும் தங்கினேன்.

வன்னியில் மலை கிடையாது. குளக்கட்டுத்தான் எங்கள் மலை. நான் சொன்ன இடத்தில் தெரு கட்டின்மேல் ஏறி, கொஞ்சத் தூரம் அதன் முதுகிலேயே ஓடி, பிறகு செங்குத்தாகக் கீழே இறங்கும். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல். இறங்கி முடியும் இடத்தில் ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய ஒடுங்கிய பாலம். பிறேக் இல்லாமல் அங்கே இறங்குகிறவர் தண்ணீரையோ வயலையோ தெரிந்தெடுக்கலாம். பாலம் கிடைக்காது.

சனிக்கிழமை பஸ் வந்தது. ஆசனங்கள் இருபத்தெட்டு, ஆசனத்துக்கு ஒன்றாக இருபத்தெட்டு நெல்மூடைகள் அமர்ந்திருந்தன. பயணிகளைவிட ஒழுங்காக இருந்தன என்று சொல்ல வேண்டும். எவரும் யன்னலுக்குச் சண்டை பிடிக்கவில்லை. சூசை பாஸ் முன்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வவுனியாவுக்குப் போய் லைனிங் வாங்கிவந்து நாலு சக்கரத்துக்கும் போட்டிருந்தார். முகம் மட்டும் இன்னும் பழையதாகவே இருந்தது.

பஸ் இறங்கியது. பாலத்துக்கு முன்னால் நன்றாக நின்றது. திரும்பி ஏறி மறுபடியும் இறங்கியது. நின்றது. மூன்றாம் முறையும் நின்றது. மணம் ஒன்றும் இல்லை, நெல் மணத்தைத் தவிர. இந்தமுறை இரண்டு பக்கமும் படுத்துப் பார்த்தேன். சேட்டில் இரண்டு இடம் கிழிந்தது. பஸ்ஸின் மட்காட்டில் வைத்துச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டுப் பூமணியம்மாவிடம் நீட்டினேன். அவர் வாங்கி, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வாசித்தார். எனக்குப் பசித்தது. விடுதியில் சோறு ஆறிக்கொண்டிருக்கும்.

"நானா, இன்னொருக்கா ஏறுங்கோ," என்றார் அவர்.

"அம்மா, நான் கையெழுத்து வைச்சாச்சு."

"உங்கடை பரிசோதனை முடிஞ்சுது ஐயா. இது என்ரை."

காசிம் நானா வண்டியைத் திருப்பினார். நான் குளக்கட்டில் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தேன். நாலாம் முறை. ஐந்தாம் முறை. தேறிய பஸ் ஒன்று மேலும் கீழும் போய்வருவதைப் பார்த்துக்கொண்டு இருப்பது ஒரு பரிசோதகனுக்கு அவ்வளவு மரியாதையான காட்சி அல்ல. குளத்தில் குளித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் என்னைக் காட்டி ஏதோ சொல்லிச் சிரித்தார்கள்.

ஆறாம் முறை பஸ் இறங்கும்போது அதன் மூக்கு தண்ணீர்ப் பக்கம் திரும்பியது. உள்ளே ஒரு மூடை சரிந்து விழுந்த சத்தம் கேட்டது. காசிம் நானா சுக்கானை எதிர்ப்பக்கம் ஒடித்துப் பிடித்தார். பஸ் கட்டின் விளிம்புப் புல்லில் ஒரு சக்கரத்தை வைத்துக்கொண்டு நின்றது. முதலில் கீழே குதித்தவர் சூசை பாஸ். ஓடிப்போய் முன் சக்கரத்துப் பக்கத்தில் குந்தினார். கையை வைத்துவிட்டு, சுட்டது என்று உதறினார்.

"இடப்பக்கத்து முன் சில்லு, அக்கா. லைனிங் புதுசு. ஆனால் அது உரசிற ட்றம் தேஞ்சு வட்டம் கெட்டுப்போச்சு. சூடேறினால் கூடப் பிடிச்சு இழுக்குது. சூடேறாட்டில் ஒண்டும் செய்யாது."

"பொங்கலண்டைக்கு எத்தினை தரம் போய்வரவேணும்? சூடேறாமல் என்னெண்டு ஓடுறது? ஐஸ்கட்டி வைச்சோ?"

"சேட்டிபிக்கற் கிடைச்சிட்டுதுதானே அக்கா..."

பூமணியம்மா கையிலிருந்த தாளைப் பார்த்தார். "இதைக் கொண்டுபோய்ச் சில்லிலை வைச்சால் பிறேக் பிடிக்குமோ?"

நான் எழுந்து கையை நீட்டினேன். குறையைக் கண்ணால் கண்ட பிறகு சான்றிதழைத் திரும்ப வாங்க வேண்டும். அது சட்டம். அதில் சந்தேகமே இல்லை.

அவர் தரவில்லை. தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"ஐயா, இது என்னட்டை இருந்தால்தான் வழி எனக்கு. இண்டைக்கு இதை வாங்கினீங்கள் எண்டால் நாளைக்கு மற்றவன் வந்து நிப்பான். பஸ்ஸை நான் ஓட்டமாட்டன், சூசை பாஸ் சரிப்பண்ணித் தரும் வரைக்கும். கடுதாசி வேறை, பஸ் வேறை. உங்களுக்கு விளங்கும்."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் அவரைப் பார்த்தேன். சூசை பாஸ் போன்ற ஒருவர் அதே வார்த்தையைச் சொல்லியிருந்தால் தாளைப் பறித்திருப்பேன். ஆனால் இந்தக் குறையை நான் கண்டுபிடிக்கவில்லை. கையில் தேறிய தாளை வைத்துக்கொண்டு, மூன்று முறை கூடுதலாக இறக்கிப் பார்த்தவர் அவர். நீட்டிய கையால் என் குடையை எடுத்துக்கொண்டேன். நான் செய்தது பிழை என்று உங்கள் கூட்டத்தில் எவராவது எழுந்து சொல்லலாம். அவருக்குப் பதவி உயர்வு நிச்சயம்.

"நானா, வண்டியைக் கராஜுக்கு விடுங்கோ," என்றார் பூமணியம்மா.

பரிசோதனைக்கு முன் கராஜுக்குப் போன வாகனங்களை நான் ஒருகாலத்தில் எண்ணினேன். பிறகு சலித்துப்போய் விட்டுவிட்டேன். தேறிய பிறகு போனதை என் உத்தியோக காலத்தில் ஒன்றே ஒன்றுதான் கண்டேன். உங்கள் துண்டுப்பிரசுரத்தில் அதற்கு இடம் இருக்காது. முன்னால் போனவர்கள் எல்லாரும் கராஜ்காரரிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: பரிசோதகர் என்ன பார்ப்பார்? கேட்ட கேள்விக்குக் கராஜ்காரர் குறைவில்லாமல் பதில் செய்து கொடுத்தார். பூமணியம்மாவும் முதல்முறை அதையேதான் கேட்டார். இரண்டாம் முறை கேட்டது வேறு: குளக்கட்டில் இறங்கினால் நிற்குமா? அதே கராஜ், அதே சூசை பாஸ்.

சூசை பாஸ் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வேலை செய்ததாகப் பிறகு சொன்னார்கள். பூசைக்கும் போகவில்லையாம். கராஜுக்குப் பின்னால் கிடந்த பழைய லொறியிலிருந்து பொருத்தமான ட்றம்மைக் கழற்றி மாற்றினாராம்.

திங்கட்கிழமை நான் சொல்லாமல் ஒட்டுசுட்டானுக்குப் போய் அந்த பஸ்ஸில் ஏறினேன். பரிசோதிப்பதற்கு என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் இரண்டு இரவு தூக்கமில்லை. சூசை பாஸ் மனைவியோடு முன் ஆசனத்தில் இருந்தார்.

"இண்டைக்குச் சத்தி வராதோ?" என்று கேட்டேன்.

"ட்றம்மை மாத்தினவுடனை நிண்டிட்டுது ஐயா," என்றார்.

பஸ் நிறையச் சனம். பானை, அரிசி, சர்க்கரை, கைக்குழந்தைகள். ஐம்பத்துமூன்று பேரை எண்ணினேன், குழந்தைகளை விட்டு. குளக்கட்டின் மேலே, இறக்கத்துக்கு முன்னால், பஸ் நின்றது. பூமணியம்மா வாசற்படியில் ஏறி நின்றார்.

"இருக்கிற ஆக்கள் இருங்கோ. நிக்கிற ஆக்கள் எல்லாரும் இறங்கி, கீழை பாலத்தடிக்கு நடந்து வாங்கோ. இருபத்தெட்டுப் பாரத்துக்குத்தான் நான் இறக்கிப் பாத்தனான்."

ஒரு முதிய பெண் பானையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு எழும்பினார். "எடி பிள்ளை, பஸ்ஸிலை ஏறினது நடக்கிறதுக்கோ?"

"அம்மாளாச்சியிட்டை நடந்து போனால் நல்லதுதானே ஆச்சி. குளத்துக்குள்ளாலை நீந்திப் போறதைவிட இது நல்லது."

திட்டிக்கொண்டே இறங்கினார்கள். நான் ஆசனத்தில் இருந்தேன். பூமணியம்மா என் பக்கம் திரும்பினார்.

"ஐயா, உங்கடை சீற்றை இந்தப் பிள்ளைத்தாச்சிக்குக் குடுங்கோ. நீங்களும் இறங்குங்கோ."

இறங்கினேன். வேறு என்ன செய்வது? என் கையெழுத்தோடு ஓடிய பஸ்ஸுக்குப் பின்னால், சப்பாத்தோடும் குடையோடும், குளக்கட்டில் நடந்தேன். பக்கத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்த ஒருவர் மூச்சு வாங்க என்னிடம் கேட்டார்:

"ஏன் அண்ணை, இந்த பஸ் பரிசோதனையிலை தேறினதுதானே? பிறகேன் எங்களை நடக்க விடுறா? ஆர் இதைப் பாத்துக் கையெழுத்து வைச்சவன்?"

"தெரியேல்லை," என்று சொல்லிக் குடையைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தேன். வெயில் கடுமைதான்.

எங்களுக்கு முன்னால் பஸ் மெல்ல இறங்கியது. வலமும் இழுக்கவில்லை, இடமும் இழுக்கவில்லை. பாலத்துக்கு முன்னால் நின்று எங்களுக்காகக் காத்திருந்தது. பூமணியம்மா வாசலில் நின்று ஒவ்வொருவரையும் தோளில் தொட்டு, உள்ளே இருந்தவர்களோடு சேர்த்து எண்ணி ஏற்றினார். முதலில் போய்ச் சேர்ந்தவன் நான்.

"இருபத்தொன்பது," என்றார்.